பயோடேட்டாவில் என்ன எழுதுவது? கேள்வி பதில்

கோவைப் பக்கம் பம்பு, உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பதினாறு வருடமாக ஆள் எடுக்கும் வேலை எனக்கு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், பி.காம். இந்த வருடம்தான் முடித்தேன். அனுபவம் இல்லை. பக்கத்தை எதைப் போட்டு நிரப்புவது? (கரூர்)

நிரப்பாதீர்கள் தம்பி. முக்கால் பக்கம் போதும். ஆனால் அனுபவமே இல்லை என்பதை நான் நம்பவில்லை. ஆடிட்டர் ஆபீசுக்கு ஒரு மாதமாவது போயிருப்பீர்கள், இல்லாவிட்டால் மாமா கடைக்குக் கணக்கு எழுதியிருப்பீர்கள். "டாலி தெரியும்" என்று, அதாவது கணக்கு சாப்ட்வேர் தெரியும் என்று, எல்லாரும்தான் எழுதுகிறார்கள். "டாலி பிரைமில் விற்பனை பில்கள் ஏற்றினேன், ஜிஎஸ்டிஆர்-1க்குப் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன்" என்று எழுதுங்கள். ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிக்குத் தாக்கல் செய்யும் படிவம். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் கம்பெனியில் 11ஆம் தேதிக்குள் அது, 20க்குள் வரி கட்டும் 3பி படிவம் என்று ஓட்டமாக இருக்கும். அதைக் கிட்டே இருந்து பார்த்த பையன் என்றால் உடனே கூப்பிடுவேன்.

மேலே 'அப்ஜெக்டிவ்' (என் லட்சியம் இதுதான் என்ற வரி) கட்டாயமா?

வேண்டாம். சீனியரிடம் வாங்கி அப்படியே ஒட்டுகிறீர்கள். ஒருவர் அனுப்பியதில் எங்கள் போட்டிக் கம்பெனியின் பெயரே இருந்தது! அங்கே சேர்ந்து உயர வேண்டுமாம். அந்த இடத்தில் நீங்கள் யார், எத்தனை வருடம், என்ன வேலை என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

அண்ணா, ஐடிஐ முடிச்சு சிஎன்சி-யில (கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்) ஆறு வருஷம். இங்கிலீஷ் வராது. பிரவுசிங் சென்டர்ல அடிச்சுக் குடுத்தாங்க, யாரும் கூப்பிடல. (ஓசூர்)

சென்டரில் பூ பார்டர் போட்டு, "கடின உழைப்பாளி" என்று அடித்திருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் தொழில் தெரியாது. முதலில் ஒரு தாளில் தமிழிலேயே எழுதுங்கள். டர்னிங்கா (கடைசல்), விஎம்சி-யா (மில்லிங் மெஷின்)? மெஷினை ஓட்டும் கன்ட்ரோல் எந்தக் கம்பெனி, ஃபானுக்கா, சீமென்ஸா? எந்த மெட்டீரியல் ஓட்டினீர்கள்? வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ், எதில் அளப்பீர்கள்? முக்கியமாக, செட்டிங் நீங்களே போடுவீர்களா, மெட்டீரியலை ஏற்றி இறக்கும் லோடிங் அன்லோடிங் மட்டுமா? சம்பளம் பேசும்போது நான் பார்ப்பது இதைத்தான். ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) எடுப்பேன், புரோகிராமில் சின்னத் திருத்தம் செய்வேன் என்றால் அதற்குத் தனி வரி கொடுங்கள். பிறகு யாரிடமாவது கொடுத்து இங்கிலீஷில் மாற்றிக்கொள்ளலாம்.

குழந்தைக்காக இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். பழைய கம்பெனித் தேதியை நீட்டிப் போட்டால் தெரியுமா?

தெரியும் மேடம். பிஎஃப் இருந்தால் உங்கள் யுஏஎன் எண்ணில் (பிஎஃப் கணக்குக்கான நிரந்தர எண்) சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். சேரும்போது சர்வீஸ் ஹிஸ்டரி கேட்கும் கம்பெனிகள் உண்டு. எட்டு மாதம் நீட்டிய ஒருவருக்குக் கொடுத்த ஆஃபரையே திரும்ப வாங்கினோம். நல்ல வேலைக்காரர், எனக்கே வருத்தம். "குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி" என்று வருடத்தோடு ஒரு வரி போடுங்கள். இண்டர்வியூவிலும் அதற்குமேல் நீட்டாதீர்கள்.

போட்டோ, அப்பா பெயர், ஆதார் எண்?

ஆதார், பான் எண்களை விண்ணப்பிக்கும்போதே கொடுக்காதீர்கள். அப்பா பெயர், மதம் எல்லாம் தேவையில்லை. வளைகுடா வேலைக்குப் போட்டோவும் விசா நிலையும் எதிர்பார்ப்பார்கள். அமெரிக்கக் கம்பெனி என்றால் போட்டோ, வயது இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கேன்வா டிசைன் ஆப்பில், இடம் வலம் என இரண்டு பத்தியாக அழகாகச் செய்திருக்கிறேன். ஏன் பதிலே வருவதில்லை?

காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய கம்பெனிகளில் முதலில் சாப்ட்வேர் படிக்கிறது. இரண்டு பத்தி, டேபிள், படமாகப் போட்ட எழுத்து இருந்தால் அது சில நேரம் குழம்பும். பிடிஎஃப்பில் உள்ளதை முழுக்க காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை கலைந்து வந்தால் சாதாரண ஒற்றைப் பத்திக்கு மாறுங்கள்.

மெயிலில் ஃபைலை மட்டும் இணைத்து அனுப்பலாமா?

மூன்று வரியாவது எழுதுங்கள்: எந்த வேலைக்கு, எந்த ஊர், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்தபின் வேலை பார்க்க வேண்டிய காலம்) எத்தனை நாள். போன் நம்பரையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். போன மாதம் அருமையான வெல்டர் ஒருவர், ஒன்பது இலக்கம்தான் போட்டிருந்தார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.