பில் இல்லாத சீனக் களைக்கொல்லி வேண்டாம் அண்ணா

காவேரிப்பட்டினத்தில் நெல் நட்டு 15 நாள் ஆகிறது, சீன எழுத்து மட்டுமே உள்ள பிஸ்பைரிபேக் சோடியம் களைக்கொல்லி பாட்டில் பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணா. சீனாவிலிருந்து வருவது தப்பில்லை, நம் கடைகளில் உள்ள பல களைக்கொல்லிகளுக்கு மூலப்பொருளே அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் களைக்கொல்லிக்கும் பொருந்தும் 1968ஆம் வருடத்துப் பூச்சிமருந்துச் சட்டப்படி இங்கே பதிவாகாத சரக்கை இறக்குமதி செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பதிவு எண், பேட்ச் நம்பர், காலாவதி தேதி, நச்சு அளவைக் காட்டும் சாய்சதுர நிறக்குறி இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வயலில் இப்படி ஒன்றை அடித்து, குதிரைவாலிப்புல் களை அப்படியே நிற்க, நெல் நுனிதான் மஞ்சளானது, பில் இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பது? பில்லோடு பிஸ்பைரிபேக் சோடியம் 10 சதவீத எஸ்சி (தண்ணீரில் கலந்து அடிக்கும் கெட்டித் திரவம்) வாங்கி, தண்ணீரை வடித்து, களை 3, 4 இலையில் இருக்கும்போதே ஏக்கருக்கு 100 மில்லி அடியுங்கள். அப்புறம் 2 நாள் கழித்துத் தண்ணீர் கட்டினால் போதும்.