பூ உதிர்கிறது, பிஞ்சு வெம்புகிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறையும் மாடித்தோட்டக்காரர்களின் கடிதங்களே அதிகம். ஒன்றிரண்டு கேள்விகள் சமையலறையிலிருந்தும், ஒன்று பூந்தொட்டிக்கு அடியிலிருந்தும் வந்திருக்கின்றன. உரம், பூச்சிமருந்து பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்போது பூ, காய், விதை, முட்டை மட்டும்.

மாடியில் பரங்கிக் கொடி வைத்திருக்கிறேன். தினமும் பூக்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை. என்ன உரம் போடலாம்? (வாசகி, தாம்பரம்)

உரத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வருகின்றன. நாளைக் காலை பூவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெலிந்து நீண்ட காம்பு மட்டும் இருந்தால் அது ஆண் பூ. இதழுக்குக் கீழே உருண்டையாக ஒரு குட்டிப் பரங்கி உட்கார்ந்திருந்தால் பெண் பூ. கொடி தொடக்கத்தில் ஆண் பூக்களையே விடும். அவை உதிரத்தான் செய்யும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தழைச்சத்து மிஞ்சினாலும் வெயில் கடுமையானாலும் ஆண் பூக்களின் ஆட்சி நீளும். அதனால்தான் உரத்தை ஓரமாக வைக்கச் சொன்னேன்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளித்து வெம்பி விழுகிறதென்றால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது, தேனீதான் சுமந்து வர வேண்டும். உங்கள் மாடிக்குத் தேனீ வரவில்லையென்றால் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. விடிந்ததும், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூளோடு நிற்கும் தண்டைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடி மீது எல்லாப் பக்கமும் படும்படி தேயுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரக்கூடும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால் அன்றைய பூ போயிற்று.

இதைப் படித்துவிட்டுப் பீர்க்கு, சுரை, புடலைக் கொடிகளுக்கும் காலையில் பூவைத் தொடப் போக வேண்டாம். அவை பொழுது சாயும் நேரத்தில் விரிபவை. இரவில் அலையும் அந்துப்பூச்சிகளுக்காகத்தான் சுரையும் புடலையும் வெள்ளையாகப் பூக்கின்றன. பாகல், பரங்கியைப் போலவே காலையில் பூக்கும்.

ஏரிக்கரையில் பனங்கொட்டை நட இருக்கிறோம். பெண் பனையாக வரும் கொட்டையை எப்படிப் பொறுக்குவது? (இளைஞர் குழு, விழுப்புரம் மாவட்டம்)

பொறுக்க முடியாது. பெரிய கொட்டை, சிறிய கொட்டை, மூன்று கொட்டைப் பழம் என்று ஆளுக்கொரு அடையாளம் சொல்வார்கள். எதையும் நம்பாதீர்கள். பனை பாளை விடும்போதுதான் தன் பாலைக் காட்டும், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஆண் பனையைக் கிராமங்களில் அலகுப் பனை என்பார்கள். அதில் நுங்கு கிடைக்காது, பதநீர் கிடைக்கும். சம்பந்தர் பாடி ஆண் பனைகள் குலை தள்ளியதாகத் திருவோத்தூர்த் தலவரலாறு சொல்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. மகரந்தம் தர ஆண் மரமும் வேண்டும் என்பதால் கலந்தே வளரட்டும்.

நாற்று விட்டுப் பிறகு எடுத்து நடும் யோசனை இருந்தால் அதையும் கைவிடுங்கள். பனங்கொட்டை முளைக்கும் விதமே வேறு. கொட்டையிலிருந்து குழாய் போன்ற முளை ஒன்று நேராகக் கீழே இறங்கி, கொட்டையை விட்டு வெகு ஆழத்தில் கன்றை உருவாக்கும். நாம் வேகவைத்துத் தின்னும் பனங்கிழங்கு அந்த இளங்கன்றுதான். முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு போல இனிப்பாக ஒன்று இருக்குமே, சில ஊர்களில் தவுன், சில ஊர்களில் பூரான், அது கொட்டையின் சேமிப்பை உறிஞ்சிக் கீழே கன்றுக்கு அனுப்பும் உறுப்பு. இத்தனையையும் வேர் அறாமல் பெயர்த்தெடுப்பது பெரிய பாடு. எந்த இடத்தில் மரம் வேண்டுமோ அந்த இடத்திலேயே கொட்டையைப் புதைத்துவிடுங்கள்.

அத்திப்பழத்துக்குள் குளவி செத்துக் கிடக்கும் என்று படித்தேன். நாங்கள் சைவம். உலர் அத்தி சாப்பிடலாமா? அத்தி பூப்பதே இல்லையாமே? (வாசகர், மயிலாடுதுறை)

அத்தி பூக்கிறது, உள்பக்கமாக. நாம் பழம் என்று சொல்வது நூற்றுக்கணக்கான பூக்களை உள்ளே வைத்து மூடிய ஒரு பை. காம்புக்கு எதிர்முனையில் செதில்களால் அடைபட்ட ஒரு நுண்ணிய வாசல் உண்டு. அதன் வழியாக உள்ளே போக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவியால் மட்டுமே முடியும்.

நம்மூர் ஆற்றங்கரை நாட்டு அத்தியை எடுத்துக்கொள்வோம். பெண் குளவி அந்தச் செதில்களுக்கிடையே நெருக்கிக்கொண்டு நுழைகிறது. நுழையும்போதே இறக்கைகள் பிய்ந்துபோகின்றன. திரும்பி வரும் எண்ணம் அதற்கு இல்லை. தான் பிறந்த பழத்திலிருந்து மார்பில் உள்ள சிறு பைகளில் எடுத்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் இடுகிறது, சில பூக்களுக்குள் முட்டையும் இடுகிறது, அங்கேயே சாகிறது. முட்டை விழுந்த பூ குளவியின் தொட்டில், மற்றவை விதை. சில வாரங்களில் முதலில் ஆண் குளவிகள் வெளிவருகின்றன. அவற்றுக்கு இறக்கையே கிடையாது. இன்னும் பூவுக்குள் அடைந்து கிடக்கும் பெண்களோடு கூடிவிட்டு, பழத்தின் சுவரைக் குடைந்து ஒரு வழி திறக்கின்றன. அதோடு அவற்றின் கதை முடிந்தது. சரியாக அந்தச் சமயத்தில்தான் ஆண் பூக்கள் முதிர்கின்றன. பெண் குளவிகள் மகரந்தத்தை அள்ளிக்கொண்டு அந்த வழியாகப் பறந்து வேறொரு மரம் தேடிப் போகின்றன. கையில் இருப்பது ஓரிரு நாள் ஆயுள். பழம் சிவந்து இனிப்பது இதற்குப் பிறகு. நாட்டு அத்தியைப் பிட்டால் பூச்சி இருக்கிறதே என்றால், இல்லாமல் எப்படி?

கடையில் மாலையாகக் கோத்து விற்கும் உலர் அத்தி வேறு இனம், சீமை அத்தி. அதில் குளவி வளர்வது ஆண் மரத்துக் காயில் மட்டும். நாம் தின்பது பெண் மரத்துப் பழம். வாசல் தெரியாமல் அதற்குள் நுழையும் குளவி முட்டையிட இடமின்றிச் சாகிறது, பழத்தின் நொதிகள் அதைப் பெரும்பாலும் கரைத்துவிடுகின்றன. பல்லில் நறநறவென்று கடிபடுவது விதை, குளவி அல்ல. துருக்கியின் புகழ்பெற்ற ஸ்மிர்னா வகைக்குக் குளவி இல்லாமல் காய் நிற்காது. அந்த வகையைக் கலிபோர்னியாவில் ஆசையாக நட்டவர்கள் பிஞ்சுகள் உதிர்வதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1899இல் குளவியையும் கொண்டுவந்து குடியேற்றிய பிறகே அங்கே விளைச்சல் கண்டார்கள். மகாராஷ்டிரத்தில் பயிராகும் பூனா அத்தியோ குளவி இல்லாமலே பழுக்கும். மனம் ஒப்பவில்லையென்றால் அதை வாங்குங்கள். சைவத்தின் எல்லையை நான் வகுக்க முடியாது. ஆனால் ஒரு கத்தரிக்காய் பயிராவதற்குள் சாகும் பூச்சிகளைக் கணக்கெடுத்தால் அத்தி அப்பாவி என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடை முட்டையை அடைவைத்தால் குஞ்சு வருமா? (பள்ளி மாணவி, நாமக்கல்)

வராது. பண்ணைக் கூண்டுகளில் சேவல் இல்லை, கோழிக்கு முட்டையிடச் சேவல் தேவையும் இல்லை. சேவல் கூடினால்தான் முட்டை கருவுறும். ஒருமுறை கூடினால் அந்த விந்தைக் கோழி தன் உடலில் சேமித்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வரை கருவுள்ள முட்டைகளை இடும். அப்படிப்பட்ட முட்டைதான் 21 நாள் அடையில் பொரியும்.

வாழைப்பழத்தின் நடுவில் உள்ள கருப்புப் புள்ளிகளை நட்டால் முளைக்குமா? (வாசகர், குளித்தலை)

வாழைக்குப் பேர்போன குளித்தலைக்காரர் கேட்கிற கேள்வியா இது! அவை விதையாக வேண்டியிருந்து ஆகாமல் நின்றுபோன சூல்கள். காட்டு வாழையில் பல்லுடைக்கும் கருப்பு விதைகள் நிறைய உண்டு, சதைதான் குறைவு. நாம் பயிரிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு உயிரணுவில், மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் மூன்று தொகுதி இருக்கின்றன. இரண்டு இருந்தால் சரிபாதியாகப் பிரியும், மூன்றை எப்படிப் பங்கு போடுவது? விதை உருவாவதில்லை. ஆனால் மகரந்தம் சேராமலே காய் பருக்கும் குணமும் வாழைக்கு இருப்பதால் நமக்குச் சதை மட்டும் கிடைக்கிறது.

அதனால் பக்கக்கன்றுதான் வழி. வாள் போல ஒடுங்கிய இலையுள்ள ஈட்டிக் கன்றை எடுங்கள். சிறுவயதிலேயே இலை அகன்று நிற்கும் நீர்க்கன்று பார்க்கத்தான் அழகு, கிழங்கில் பலம் இருக்காது. கன்றென்றாலும் திசு வளர்ப்பு நாற்றென்றாலும் தாயின் அச்சு அசல். தார் ஒரே சீராக வருவது இதனால்தான். வந்த நோய் தோட்டம் முழுவதையும் வாரிக்கொண்டு போவதும் இதனால்தான். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழை பனாமா வாடல் நோயால் 1960களுக்குள் சந்தையை விட்டே போனது. அந்த இடத்துக்கு, அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ் வந்தது. இப்போது கேவண்டிஷையும் சாய்க்கும் பூஞ்சை வகை பீகார் வரை வந்துவிட்டது. உங்கள் பக்கத்து ரஸ்தாளியில் வாடல் கண்ட மரத்தின் கன்றை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகுமா? (வாசகர், பொள்ளாச்சி)

ஆகாது. தலைப்பக்கம் சில சமயம் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒவ்வொரு புழுவும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கிறது. இரண்டு புழுக்கள் கூடி விந்தை மாற்றிக்கொள்கின்றன. உரத்தொட்டியைக் கிளறும்போது எலுமிச்சை வடிவில், மிளகைவிடச் சிறிதாக, தேன்நிற உருண்டைகள் தென்பட்டால் அவை முட்டைக்கூடுகள். சலிக்கும்போது எறிந்துவிடாதீர்கள்.

ரோஜாத் தொட்டியில் கருப்பாக, பளபளப்பாக, மண்புழு போல ஒன்று. ஆனால் நாக்கை நீட்டுகிறது! ஒன்றுதான் இருந்தது, இப்போது பல. (வாசகி, நாகர்கோவில்)

நாக்கை நீட்டியதைக் கவனித்தீர்களே, அதுவே போதும். அது புழுப்பாம்பு. மண்புழுவுக்கு உள்ள வளையங்கள் இதற்குக் கிடையாது, உடல் முழுவதும் வழவழப்பான செதில். கண் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும். விஷம் இல்லை. வால் நுனியில் உள்ள சிறு முள்ளால் கையில் குத்தும், வலிக்காது. காதுக்குள் புகுந்துவிடும் என்பது கட்டுக்கதை.

ஒன்று பலவானதில் மர்மம் இல்லை. இந்த இனத்தில் ஆணே கிடையாது. வாழையைப் போலவே இதற்கும் மூன்று தொகுதி குரோமோசோம்கள். வாழை விதையைக் கைவிட்டது, இதுவோ ஆணைக் கைவிட்டுவிட்டு முட்டையை வைத்துக்கொண்டது. கருவுறாத முட்டைகள் தாயின் நகல்களாகப் பொரிகின்றன. ஒரு தொட்டி மண்ணில் ஒன்றே ஒன்று இருந்தால் போதும், புதிய ஊரில் ஒரு குடி தொடங்கிவிடும். நம் பக்கத்துப் பாம்பு ஹவாய்க்கும் ஃபுளோரிடாவுக்கும் போய்ச் சேர்ந்தது செடியோடு போன மண்ணில்தான். எறும்பு, கறையான்களின் முட்டைகளையும் புழுக்களையும் தின்று வாழ்வதால் ரோஜாவுக்கு அதனால் கெடுதல் இல்லை. தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். பயமாக இருந்தால் ஈரமான தோட்டத்து மண்ணில், சருகுக்கு அடியில் கொண்டுபோய் விடுங்கள். வெயிலில் மட்டும் போடாதீர்கள், சீக்கிரம் காய்ந்து செத்துவிடும்.