ஆர்.சி. ஜெட் (ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஜெட்) ரன்வேயை விட்டு எழும்பியதுமே மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்துவிட்டது. மோட்டார் பவர் போதவில்லையா?

பவர் போதாமல் விழவில்லை. உடம்புக்குள் மின்மோட்டார் சுழற்றும் 70 மி.மீ. ஃபேன், 6 செல் 4000 எம்.ஏ.எச். பேட்டரி, மொத்த எடை சுமார் 2 கிலோ, இதற்கு முன்னால் ஓட்டியது புதியவர்கள் பழகும் மேல்-இறக்கை ட்ரெய்னர் விமானம் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கில் தள்ளுவிசை விமானத்தின் எடைக்கு ஏறக்குறைய சமமாகவே வரும். 80 மி.மீ. ஃபேனுக்கு மாற்றலாமா என்ற யோசனையை முதலில் விடுங்கள். அதே தப்பு இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

ட்ரெய்னரில் பழகிய கைக்கு ஜெட்டில் ஒரு வசதி கிடைப்பதில்லை. புரொப்பெல்லர் மூக்கில் இருந்தால் அது தள்ளும் காற்று வால் மீது வீசிக்கொண்டே இருக்கும். விமானம் நின்ற இடத்தில் இருந்தாலும் எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) பிடி உண்டு. ஜெட்டில் காற்று உடம்புக்குள் புகுந்து பின்பக்கக் குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. வால் மீது அதில் துளிகூடப் படாது. ஓடி வேகம் எடுத்த பிறகுதான் எலிவேட்டருக்கு உயிர் வரும். அந்தப் பிடி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் பிடி நான்கு மடங்கு. ஸ்டிக்கை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடினால் வெகுதூரத்துக்கு ஒன்றுமே நடக்காது, அப்புறம் ஒரே கணத்தில் மூக்கு வானத்தைப் பார்க்கும். அந்தக் கோணத்தைத் தாங்கும் வேகம் இறக்கைக்கு இன்னும் வந்திருக்காது. ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவதை விட்டுவிடும், ஒரு பக்கம் சாய்வு, தரை.

வீடியோ பார்க்காமல் எப்படிச் சொல்லலாம் என்று யாராவது வருவார்கள். சரி, நீங்களே பிரித்துப் பாருங்கள். ஸ்டிக்கை நீங்கள் இழுக்கும் முன்பே மூக்கு எழும்பியதா? அப்படியானால் எடை பின்னால் இருக்கிறது, இல்லாவிட்டால் விமானத்தின் ஆட்டத்தைத் தானாகத் திருத்தும் கைரோ தலைகீழாக வேலை செய்கிறது. இழுத்துப் பிடித்து, வெகுநேரம் ஓடி, பிறகு சட்டென்று எழும்பியதா? அப்படியானால் எடை மிகவும் முன்னால், அல்லது மூக்குக் கால் குட்டை. இரண்டாவது வகையை யாரும் சந்தேகப்படுவதில்லை. "மூக்கு தூக்குகிறதா, மூக்கில் ஈயம் வை" என்று மைதானத்தில் சொல்லிவிடுவார்கள். வைத்தால் இன்னும் மோசமாகும்.

சி.ஜி. (எடை மையம்) பார்ப்பதை ட்ரெய்னரில் செய்த மாதிரி இரண்டு விரலில் ஏந்தி "சரிதான்" என்று முடிக்காதீர்கள். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் விரல் எந்த இடத்தில் பட்டது என்பதே தெரியாது. இறக்கை உடம்போடு சேரும் இடத்தின் முன்விளிம்பிலிருந்து கையேடு சொல்லும் தூரத்தை ஸ்கேலால் அளந்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டிக் குறியுங்கள். பறக்கப்போகும் அதே பேட்டரியைப் போட்டு, மேல்மூடி உட்பட எல்லாவற்றையும் மாட்டிய பிறகே நிறுத்திப் பார்க்க வேண்டும். சக்கரம் இறக்கியா ஏற்றியா என்பதைக் கையேட்டில் பாருங்கள். மூக்குச் சக்கரம் பின்னோக்கி மடங்கும் ரகத்தில் மடங்கியதும் எடை கொஞ்சம் பின்னால் நகரும். முதல் பறப்புக்கு சொன்ன புள்ளியிலிருந்து 3 முதல் 5 மி.மீ. முன்னால் இருந்தால் நல்லது. அதற்கு மேல் முன்னால் வேண்டாம்.

பேட்டரியை 2 செ.மீ. நகர்த்தினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக: பேட்டரி 600 கிராம், விமானம் 2 கிலோ என்றால் சி.ஜி. 6 மி.மீ. நகரும். சராசரி இறக்கை அகலம் 200 மி.மீ. உள்ள விமானத்தில் அது 3 சதவீதம். அடங்கிப் பறக்கும் விமானத்தையும் மூக்கை ஆட்டிக்கொண்டே போகும் விமானத்தையும் பிரிப்பது பெரும்பாலும் அவ்வளவு இடைவெளிதான். பேட்டரித் தட்டில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். வெல்க்ரோ பட்டை ஒன்று போதாது, இரண்டு போடுங்கள். முழு த்ராட்டிலில் கிளம்பும்போது பேட்டரி பின்னால் வழுக்கினால் நீங்கள் அளந்ததெல்லாம் வீண்.

மூக்குக் கால் விஷயத்துக்கு வருகிறேன். விமானத்தைச் சமதரையில் நிறுத்திப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூக்கு தாழ்ந்து நின்றால் ஓட ஓட இறக்கை விமானத்தைத் தரையோடு அழுத்தும். மூக்கை ஒன்று இரண்டு டிகிரி உயர்த்தினாலே போதும், பல விமானங்கள் தாமாகவே எழும்பும். மூக்குக் காலின் கம்பியை உயர்த்த வழி இருந்தால் அதைச் செய்யுங்கள், அல்லது மூக்குச் சக்கரத்தை ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள், மடங்கும் பள்ளத்தில் அது நுழைகிறதா என்று பார்த்துவிட்டு.

கைரோ. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் உங்கள் ரிசீவரில் உள்ளேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டிக் சரியாக வேலை செய்வது வேறு, கைரோ சரியாக வேலை செய்வது வேறு. முதலில் ஸ்டிக்: வலது கொடுத்தால் வலது எய்லெரான் (இறக்கையின் பின்விளிம்பில் சாய்வைக் கட்டுப்படுத்தும் பலகை) மேலே, உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. பிறகு கைரோவை ஆன் செய்து, ஸ்டிக்கைத் தொடாமல் விமானத்தைக் கையில் எடுத்து ஆட்டுங்கள். வலது இறக்கையைத் தாழ்த்தினால் வலது எய்லெரான் கீழே இறங்க வேண்டும். மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே இறங்க வேண்டும். எதிராகப் போனால் காற்றில் இரண்டு வினாடிகூடத் தாங்காது. கைரோவின் கெயின், அதாவது திருத்தும் வலு, அதிகமானால் வேகத்தில் இறக்கை நடுங்கும். முதல் பறப்பில் குறைத்தே வையுங்கள். சி.ஜி. தப்பை கைரோ சரிசெய்யாது, கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும்.

எலிவேட்டர் அசைவை 70 அளவு விமானத்தில் ஒரு பக்கத்துக்கு 10 முதல் 12 மி.மீ.யில் ஆரம்பிக்கலாம், கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. ஸ்டிக்கின் நடுப்பகுதி எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்று ரிமோட்டில் வைக்கும் எக்ஸ்போ 25 முதல் 30 சதவீதம். இங்கே ஒரு குழி இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் ரிமோட்டில் எக்ஸ்போ பிளஸ் வைத்தால் ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகும். ஃபுடாபாவில் மைனஸ் வைத்தால்தான் மென்மையாகும். ஒருவரின் செட்டிங்கை இன்னொரு பிராண்டு ரிமோட்டில் அப்படியே ஏற்றினால் நடுப்பகுதி ஊசிமுனையாகிவிடும். நீங்கள் இணையத்தில் எடுத்த செட்டிங் எந்த ரிமோட்டுக்கானது என்று பாருங்கள்.

மின்சாரப் பக்கம். இந்த ஃபேன் முழு த்ராட்டிலில் 60 முதல் 70 ஆம்பியர் வரை இழுக்கும். எக்ஸ்டி60 கனெக்டர் அதற்குப் போதாது. இசி5 அல்லது எக்ஸ்டி90 போடுங்கள். பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) நடுவில் வாட்மீட்டர் வைத்து, விமானத்தை யாராவது பிடித்துக்கொள்ள, பத்து வினாடி முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். செல்லுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. மேல் ஸ்டிக்கரில் கரண்ட் தரும் திறன் 100சி, 120சி என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், அச்சடிக்கச் செலவே இல்லை. சார்ஜரில் ஒவ்வொரு செல்லின் உள்மின்தடையைப் பாருங்கள். நேரத்தை இப்படிப் போடலாம்: 4000-ல் 80 சதவீதம் 3200, சராசரி 45 ஆம்பியர் என்றால் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். முதல் நாள் டைமரை 3 நிமிடத்தில் வையுங்கள். இறங்கிய பிறகு சார்ஜர் எத்தனை எம்.ஏ.எச். திரும்ப ஏற்றியது என்று பார்த்து நேரத்தைக் கூட்டுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ரிசீவருக்கான மின்சாரம். சக்கரக் கால்களை மடக்கும் மூன்று எலக்ட்ரிக் ரிட்ராக்ட், பலகைகளை அசைக்கும் ஏழெட்டு சர்வோ மோட்டார், எல்லாம் இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசியை (பேட்டரி வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி) நம்பி ஓடுகின்றன. ஒரு சக்கரக் கால் மண் புகுந்து சிக்கிக்கொண்டால் அதன் மோட்டார் முக்கிக்கொண்டு கரண்ட் இழுக்கும். வோல்ட்டேஜ் விழுந்தால் ரிசீவர் கண்சிமிட்டும். 10 ஆம்பியர் தனி பிஇசி போடுவது நல்லது. போட்டால் இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பியில் நடுவில் உள்ள சிவப்பைக் கழற்றி டேப் சுற்ற மறக்காதீர்கள். ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்தால் நடக்க வேண்டியதில், த்ராட்டில் பூஜ்யம். விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். ஃபேன் நிற்க வேண்டும்.

ஃபேனையும் பாருங்கள். 2200 கே.வி. மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2200 சுற்று) 22.2 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 48,000 சுற்றுக்கு மேல் என்று கணக்கு வரும், சுமையில் குறையும், ஆனாலும் வேகம் வேகம்தான். பிளேடில் ஒரு சிறு சில்லு போயிருந்தால் ஒட்டாதீர்கள், ரோட்டரையே மாற்றுங்கள். நம் ஊர் மைதானங்களில் மூக்குச் சக்கரம் எற்றும் பொடிக்கல்லை ஃபேன் உறிஞ்சிக்கொள்ளும். ஓடுபாதையைத் துடைப்பத்தால் பெருக்கினால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இனி கிளம்புவது. எதிர்க்காற்றில் நிறுத்துங்கள். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை டேக்-ஆஃப் அளவுக்கு இறக்கி, த்ராட்டிலை இரண்டு மூன்று வினாடியில் முழுவதும் ஏற்றுங்கள். எலிவேட்டர் நடுவில். திசை திருப்பும் வால் பலகையான ரட்டரால் நேராக வைத்துக்கொண்டு, போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் பத்து மீட்டர் ஓடவிடுங்கள். அப்புறம் ஸ்டிக்கில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இழுங்கள். மூக்கு எழும்பியதும் அந்த இழுப்பைப் பாதி தளர்த்துங்கள். இந்தத் தளர்த்தலைத்தான் ட்ரெய்னர் கற்றுத்தருவதில்லை. 10 டிகிரி ஏற்றத்தில் நேராகப் போய், வேகம் வந்த பிறகே திருப்பம், அதற்குப் பிறகே சக்கரம் மடக்கல். 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. குளிர் நாட்டு வீடியோவில் பார்த்த ஓட்டத் தூரம் சித்திரை மதியத்தில் போதாது. காலை ஏழு மணிக்குப் போங்கள்.

இறக்கும்போதும் அதே விதி. த்ராட்டிலை முழுக்க மூடி மிதந்து வரலாம் என்பது ட்ரெய்னர் பழக்கம். ஜெட்டில் ஓடுபாதையின் விளிம்பு வரை 30, 40 சதவீதம் த்ராட்டில் இருக்க வேண்டும். மூடிவிட்டுத் திரும்பக் கொடுத்தால் ஃபேன் சுழன்று ஏற ஒரு வினாடி எடுக்கும், அந்த ஒரு வினாடியில் இறக்கை கவிழ்ந்துவிடும். முதல் பறப்பில் போதிய உயரத்தில் சக்கரம், ஃபிளாப் இறக்கி மெதுவாக ஓட்டி, எந்த வேகத்தில் கவிழ்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாப் இறங்கியதும் மூக்கு தூக்கினால் ஃபிளாப்போடு சேர்ந்து எலிவேட்டரும் 2 மி.மீ. கீழே இறங்கும்படி ரிமோட்டில் மிக்ஸ் போடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இதை ட்ரோன் என்று சொல்வதை எப்போது நிறுத்தப்போகிறோம்? கேமரா கிடையாது, தானாகப் பறக்காது, கையை எடுத்தால் விழும். 2021 ட்ரோன் விதிகளிலேயே மாடல் விமானத்துக்குத் தனி விளக்கம் இருக்கிறது: 25 கிலோவுக்குள், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு மாதிரிக் காரியங்களுக்கு மட்டும், கண்பார்வைக்குள் ஓட்டுவது. வகைச் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு, நுரையில் செய்த விமானப் பெட்டிக்கும் விளக்கம் எழுதிக் கொடுக்கும் நிலைமை. மைதானத்தில் நின்று "எத்தனை கிலோமீட்டர் போகும், கல்யாணத்துக்கு வருமா?" என்று கேட்பவர்களைக்கூட மன்னித்துவிடலாம். நீங்கள் மட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் மைதானம் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.

அடுத்தது எரிபொருளில் ஓடும் நிஜ ஜெட் எஞ்சினான டர்பைன் போடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இல்லை. அதில் த்ராட்டில் பதில் சொல்ல ஒரு வினாடி அல்ல, பல வினாடிகள். மண்ணெண்ணெயில் சுமார் 5 சதவீதம் டர்பைன் எண்ணெய் கலக்க வேண்டும், எரிபொருள் குழாயில் ஒரு காற்றுக்குமிழி போனாலும் அணைந்துவிடும், பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பவுடர் தீயணைப்பான் அடித்தால் எஞ்சினே பாழ். ஜெர்மனியில் குர்ட் ஷ்ரெக்லிங் பிளைவுட் கம்ப்ரஸர் வைத்து வீட்டிலேயே டர்பைன் செய்தார் என்பதைப் படித்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

உடைந்த மூக்கை வீசாதீர்கள். இ.பி.ஓ. என்ற ரக நுரையாக இருந்தால் நொடியில் ஒட்டும் சயனோ பசையைத் தாங்கும், தெர்மோகோல் ரக நுரையானால் அதே பசை கரைத்துவிடும். வெட்டியெடுத்த துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நசுங்கிய இடத்தில் கொதிநீர் ஊற்றினால் ஓரளவு உப்பி எழும்பும். எபாக்ஸியை அள்ளிப் பூசாதீர்கள், மூக்கில் 30 கிராம் கூடும். ஃபேன் மவுண்டில் விரிசல் இருக்கிறதா, பின்பக்கக் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டிக் காய்ந்த பிறகு, பேட்டரித் தட்டில் போட்ட பழைய கோட்டை அழித்துவிட்டு, சி.ஜி.யை மறுபடி முதலிலிருந்து அளங்கள்.