பாப்பா சவுண்ட் படிக்கட்டுமா?

பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க நேற்று நீங்கள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டுப் போன பிறகு, வராமல் போன உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதையெல்லாம் வீட்டுக்குப் போய் அவரிடம் எடுத்துச் சொல்வது உங்களுக்குச் சிரமம், அதுவும் தறி ஓடுகிற நேரத்தில். அதனால் எழுதி அனுப்புகிறேன். இரண்டு பேருமே படியுங்கள், பாப்பாவும் படிக்கட்டும்.

அறைக்குள் வந்ததுமே "சார், இவ சினிமாவுக்குப் போறேங்கறா" என்றீர்கள். பாப்பா அப்படிச் சொல்லவே இல்லையே அம்மா. ஒரு மணி நேரம் பேசினாள், அதில் ஒரு நடிகர் பேர்கூட வரவில்லை. மழை ஓட்டு வீட்டில் பெய்தால் எப்படிக் கேட்கும், தகரக் கொட்டகையில் பெய்தால் எப்படிக் கேட்கும் என்று ஐந்து நிமிடம் சொன்னாள். அவள் கேட்பது சினிமா இல்லை, சத்தம். ஆடியோகிராஃபி, அதாவது சத்தத்தைப் பதிவு செய்து சேர்க்கிற படிப்பு, என்று அவள் சொன்னதை உங்கள் வீட்டுக்காரர் ஆடியாலஜி என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார் என்றீர்கள். இரண்டும் வேறு. ஆடியாலஜி காது கேட்கும் திறனைச் சோதிக்கிற, சிகிச்சைக்கு வழிகாட்டுகிற மருத்துவம் சார்ந்த படிப்பு. அதுவும் நல்ல படிப்புதான், பயோ-மேக்ஸ் குரூப்பில் இருக்கிற பாப்பா அதற்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒன்றைக் கேட்ட பிள்ளைக்கு அதே மாதிரிப் பேர் உள்ள இன்னொன்றைக் கொடுத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

அவள் போனில் போட்டுக் காட்டிய அந்த 3 நிமிடப் பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள், அதனால் கேட்கவில்லை. உங்கள் தறிக்கூடம்தான். விடியற்காலையில் ஷட்டர் தூக்குகிற சத்தம், சுவிட்ச், முதல் தறி, அடுத்த தறி, அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடுவது. நடுவில் ஒரு இடத்தில் ஒரு தறி மட்டும் சட்டென்று நின்றுவிடுகிறது, மற்றதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது, யாரோ செருப்புக் காலோடு நடந்து வருகிறார், கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, மறுபடி அந்தத் தறி சேர்ந்துகொள்கிறது. என்ன அது என்று கேட்டேன். "நூல் அறுந்துடுச்சு சார், அப்பா வந்து பிணைச்சுட்டுப் போறாரு" என்றாள். அந்த ஒரு இடத்துக்காக ஒன்பது நாள் விடியலில் எழுந்து பதிவு செய்தாளாம்.

எனக்கு அந்த ஒன்பது நாள்தான் முக்கியம். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்கிற இந்த வேலையில் இருக்கிறேன், சினிமா ஆசை, பாட்டு ஆசை, வரைகிற ஆசை என்று வருகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்குப் பார்ப்பதும் கேட்பதும்தான் பிடிக்கும், செய்வது பிடிக்காது. அதில் ஒரு தப்பும் இல்லை, நல்ல ரசிகனாக இருப்பதும் வாழ்க்கைக்குப் பெரிய துணை, ஆனால் அதை நம்பி நான்கு வருடப் படிப்பில் சேரக் கூடாது. செய்கிற பிள்ளை யார் என்பது மார்க்கில் தெரியாது, பேச்சிலும் தெரியாது. ஒன்றைத் தொடங்கி, சரியாக வராமல், மறுபடி செய்து, முடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். பாப்பா முடித்து வைத்திருக்கிறாள், யாரும் சொல்லாமலே.

இதை நான் ஆரம்பத்திலிருந்தே தெரிந்து வைத்திருக்கவில்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையன் வந்தான், நோட்டு நிறைய ஓவியம். அவன் அப்பாவுக்குப் பயம், எனக்கும் பயம், இரண்டு பேரும் சேர்ந்து அவனை இன்ஜினியரிங்கில் தள்ளினோம். முடித்தான், வேலைக்கும் போனான். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது இப்போதும் வரைகிறாயா என்று கேட்டேன். "இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அவன் முதலில் வந்த அன்றைக்கு அவன் நோட்டை நான் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்திருந்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான், எந்தப் பிள்ளை எதைக் கொண்டுவந்தாலும் முழுக்கப் பார்ப்பது, முழுக்கக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கும் சத்தத்தோடு ஒரு பழைய உறவு உண்டு. சின்ன வயதில் எங்கள் தெருவில் டிவி ஒரே ஒரு வீட்டில்தான், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க அங்கே தரையில் இடம் பிடிக்க வேண்டும். ஆனால் ரேடியோ எங்கள் வீட்டிலேயே இருந்தது. அதில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், ஒரு முழுப் படத்தையும் வசனமும் பாட்டுமாகச் சுருக்கி ஒரு மணி நேரம். கதவு திறக்கிற சத்தம், ரயில், அம்மா அழுவது, எல்லாம் காதுக்குள்ளேயே நடக்கும், படத்தை நாமே மனசுக்குள் எடுத்துக்கொள்வோம். பிறகு அதே படங்களைத் திரையில் பார்த்தபோது பல நேரம் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கிறது, நான் கட்டி வைத்திருந்த வீடு அதைவிடப் பெரியது. அந்தச் சத்தங்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்திருப்பார், அதற்கு ஒரு படிப்பு இருக்கும் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. பாப்பாவுக்கு பதினேழு வயதிலேயே தெரிந்திருக்கிறது.

சரி, இது என்ன வேலை என்று அவர் கேட்பார். ஸ்பீக்கர் செட் போடுகிற வேலையா என்று கேட்டாராம். அதுவும் இதில் ஒரு பகுதிதான், குறைவாக நினைக்க வேண்டாம். மாரியம்மன் பண்டிகையில் தெருவின் இரண்டு முனையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் பாட்டு இரண்டு தடவை கேட்கிறதே, அது ஏன்? சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும், 100 மீட்டர் தள்ளி இருக்கிற குழாயிலிருந்து வருவது கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகத்தான் நம் காதுக்கு வரும். பெரிய கச்சேரிகளில் இதைக் கணக்குப் போட்டு, பின்னால் இருக்கிற ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒரே குரலாகக் கேட்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு முழு வேலை. படப்பிடிப்பில் நீளக் கம்பில் பிடிக்கிற பூம் மைக்கும் சட்டையில் குத்துகிற லேப்பல் மைக்கும் வைத்து வசனத்தைப் பதிவு செய்வது இன்னொரு வேலை. தமிழ்ப் படங்களில் பல வருடமாக அங்கே எடுப்பதை வழிகாட்டியாக மட்டும் (பைலட் டிராக்) வைத்துக்கொண்டு, பிறகு டப்பிங் தியேட்டர் என்கிற ஒலிப்பதிவு அறையில் மறுபடி பேசிச் சேர்ப்பதுதான் வழக்கம், அதனால் டப்பிங் தியேட்டர் வேலை ஒன்று. காலடி, துணி உரசல், பாத்திரம் வைப்பது எல்லாவற்றையும் படத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி செய்து சேர்க்கிற ஃபோலி ஒன்று. வசனத்தைச் சுத்தம் செய்து கோர்க்கிறவர், கடைசியில் எல்லாவற்றையும் கலந்து சமன் செய்கிற மிக்ஸிங் இன்ஜினியர் என்று தனித்தனி ஆட்கள். சினிமாவுக்கு வெளியே டிவி சேனல், விளம்பரம், ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட், கேம் கம்பெனி. "சினிமா" என்று ஒற்றை வார்த்தையில் யோசித்தால் கதவு ஒன்றுதான் தெரியும், அதன் முன்னால் ஆயிரம் பேர் நிற்பார்கள்.

படிப்பு விஷயம். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பேரில் இருக்கிற அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம்தான் முதலில் பார்க்க வேண்டியது. 1945-ல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கியது, ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். இப்போது அங்கே நான்கு வருடப் பட்டப்படிப்பு, அதில் ஆடியோகிராஃபி ஒரு பிரிவு. அரசுக் கட்டணம், ஆனால் இடங்கள் மிகக் குறைவு, தேர்வு வைத்து எடுப்பார்கள். அதனால் அதை மட்டும் நம்பிக்கொண்டு உட்காரக் கூடாது. கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. இயற்பியலோ விஸ்காமோ (காட்சித் தொடர்பியல்) உங்களுக்குப் பக்கத்திலேயே நல்ல கல்லூரியில் சேர்ந்து, முடித்துவிட்டு புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டுக்கு எழுதலாம். அங்கே ஒலிப்பதிவுப் பிரிவுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், அதோடு பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். அதனால்தான் நேற்று பாப்பாவிடம் இயற்பியலை விட்டுவிடாதே என்று மூன்று தடவை சொன்னேன். 2009-ல் ஒலிக் கலவைக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி அந்தப் புனேவில் படித்தவர்தான். அவரைப் போல வருவாள் என்று நான் சொல்லவில்லை, இது காற்றில் கட்டிய படிப்பு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தனியார் டிப்ளமோக்கள் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். சில இடங்கள் உண்மையிலேயே நன்றாகச் சொல்லித்தருகின்றன, சில இடங்களில் கண்ணாடிக் கதவும் ஏசியும்தான் இருக்கிறது. "வேலை நிச்சயம்" என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள், இந்தத் துறையில் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒரு மாணவிக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டுடியோவில் தனியாக உட்காரக் கிடைக்கும், போன வருடம் முடித்த இரண்டு பேரிடம் நான் போனில் பேச முடியுமா. தறியை அடமானம் வைத்து எங்கேயும் சேர்க்காதீர்கள், தயவுசெய்து. அந்தச் சுமை பிள்ளையின் தலையில் ஏறினால், கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் கிடைத்த வேலைக்கெல்லாம் ஓடுவாள்.

பணத்தை மறைத்துப் பேச மாட்டேன். படித்து முடித்த முதல் மூன்று நான்கு வருடம் உதவியாளர் வேலைதான். மாதச் சம்பளமாக வராது, வேலை இருக்கிற நாளுக்குப் பேட்டா, அதுவும் சில நேரம் தாமதமாக. படம் நின்றுபோனால் பணமும் நின்றுபோகும். பெரிய படங்களில் வேலை செய்ய யூனியன் கார்டு வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் தாங்கலாம், தெரியாமல் போகிறவர்கள்தான் உடைந்து திரும்பி வருகிறார்கள். பக்கத்தில் ஒரு சம்பாத்தியம் வைத்துக்கொள்வது கலைக்குத் துரோகம் என்று யாராவது அவளிடம் சொன்னால் நம்ப வேண்டாம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். படம் வரைந்து விற்று வாழ முடியாது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாத்திக் துணிகள், கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள், மிச்ச நேரத்தில் வரைந்தார்கள். அந்தக் கிராமம் இன்றைக்கும் இருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மானும் 1992-ல் முதல் படம் வருவதற்கு முன்னால் பல வருடம் மற்றவர்களுக்குக் கீபோர்டு வாசித்தவர், விளம்பரங்களுக்கு இசை போட்டவர். துணிக்குச் சாயம் போட்டவர்களைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்.

பெண் பிள்ளை, ராத்திரி வேலை, சென்னை. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நேற்று உங்கள் முகத்தில் இருந்தது. பயம் நியாயமானதுதான். ஒலித்துறையில் பெண்கள் இன்னும் குறைவு, பல நேரம் அந்த அறையில் அவள் ஒருத்திதான் இருப்பாள். மிக்ஸிங் வேலை விடியும்வரை போகும். வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும், எங்கே சேர்ந்தாலும் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ராத்திரி வீடு திரும்ப வண்டி யார் பொறுப்பு என்பதை வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே பேசிவிட வேண்டும், கூச்சப்படக் கூடாது. இதற்கு மேல் வேண்டியது ஒன்றுதான். ஏதாவது நடந்தால் "அதான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லாத ஒரு வீடு. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் நிறையப் பெண்கள் நடந்ததை வீட்டில் சொல்வதே இல்லை.

பரீட்சை முடியும்வரை வீட்டில் இதைப் பற்றிச் சண்டை வேண்டாம், பாப்பா ஒழுங்காகப் படிக்கட்டும். முடிந்ததும் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். இந்தத் தடவை அவளுக்குப் பிடித்ததை இல்லை, வேறு யாருக்காவது, நாள் குறித்து. பள்ளி ஆண்டுவிழா நாடகமோ, உங்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷ வீடியோவோ, எதுவானாலும். அடுத்தவர் இது சரியில்லை, மாற்று என்று சொல்லும்போது முகம் சுளிக்காமல் மாற்றுகிறாளா, குறித்த நாளில் கொடுக்கிறாளா என்று கவனியுங்கள். தனக்காகச் செய்வதை ஏற்கனவே காட்டிவிட்டாள், இது வேறு சோதனை. இதில் அவள் சலித்துப்போனால் அதையும் மதிப்போம், பி.எஸ்சி. இயற்பியலில் போக எத்தனையோ வழி இருக்கிறது.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். தறிக்கூடத்துக்குள் போகும்போது பாப்பா காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளட்டும், மருந்துக்கடையிலேயே கிடைக்கும். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காது மெல்லக் கெடும், விசைத்தறிக் கூடம் பெரும்பாலும் 90-ஐத் தாண்டும். காது அவளுக்கு இனி தொழில் கருவி. அவருக்கும் ஒரு தடவை காது பரிசோதனை செய்துவிடுங்கள், இத்தனை வருடம் அதற்குள்ளேயே இருக்கிறார். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார் என்று நீங்கள் சொன்னது என் மனதில் நிற்கிறது.

சனிக்கிழமை அவர் வருகிறார் என்றால் காலை பதினோரு மணிக்கு வாருங்கள், அதற்குப் பிறகு கூட்டமாகிவிடும். வருவதற்கு முன்னால் அந்த 3 நிமிடத்தை அவர் கேட்டிருக்க வேண்டும். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வாய்ஸாக அனுப்பியதும் வேண்டாம், அது சத்தத்தை நசுக்கிவிடும். பாப்பாவின் ஹெட்போனை மாட்டிவிட்டு, தறியெல்லாம் நிறுத்திய பிறகு, ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார வையுங்கள். எந்தத் தறி நின்றது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.