சாலக்குடி ஆறும் காடர்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, பழங்குடியினரின் அறிவு மழைக்காட்டைக் காக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். கண்முன் காட்டத்தக்க சான்று உண்டா? (கோவை வாசகர்)

பதில்: உண்டு. கேரளத்தில் சாலக்குடி ஆற்றையொட்டிய வாழச்சால் காட்டில் காடர் என்னும் பழங்குடியினர் இருவாச்சிப் பறவைகளின் கூடுகளைக் காத்துவருவதையே முதலில் சொல்வேன். பெண் இருவாச்சி பெருமரத்துப் பொந்துக்குள் புகுந்து, வாயிலை எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொண்டு, சிறு பிளவின் வழியே ஆண் பறவை ஊட்டும் பழங்களை நம்பிக் குஞ்சு பொரிக்கிறது. அந்நாட்களில் ஆண் பறவை கொல்லப்பட்டால் உள்ளே இருப்பவையும் பட்டினியால் மடியக்கூடும். பெரிய விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் இப்பறவை குறைந்தால், மழைக்காட்டு மரங்கள் பலவும் புதிய இடங்களில் முளைப்பது அரிதாகிவிடும். எந்த மரத்தில் பொந்து இருக்கிறது, எந்த அத்தி எப்போது பழுக்கும் என்பதெல்லாம் தேனுக்காகவும் குங்கிலியத்துக்காகவும் காடெங்கும் நடக்கும் காடர்களுக்குத் தெரியும். 2000-களின் நடுப்பகுதியிலிருந்து அவர்கள் வனத்துறையோடும் ஆய்வாளர்களோடும் சேர்ந்து கூடுகளைக் கண்காணித்து வருகிறார்கள்.

கேள்வி: முன்பு அக்குஞ்சுகளை எடுத்து உண்டவர்களும் அவர்கள்தானே? (திருச்சி வாசகர்)

பதில்: ஆம், அதை மறைக்க வேண்டியதில்லை; கூட்டைக் கண்டறியும் திறனும் அவ்வழியில் வளர்ந்ததுதான். ஆனால் இக்காட்டின் பேரழிவுக்கு அது காரணமன்று. பறம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகவே கொச்சி சமஸ்தானம் அமைத்த டிராம்பாதை 1907 முதல் 1963 வரை ஓடியது. அக்காலத்திலும் அதன்பின்னும் வந்த அணைகள் காடர்களைத் திரும்பத் திரும்ப இடம்பெயர்த்தன.

கேள்வி: அதிரப்பள்ளி மின்திட்டத்தை அவர்கள் ஏன் எதிர்த்தார்கள்? மின்சாரம் தேவையில்லையா? (மதுரை வாசகர்)

பதில்: சாலக்குடி ஆற்றில் அணை கட்டி எடுக்கத் திட்டமிடப்பட்டது 163 மெகாவாட் மின்சாரம். அதற்காக மூழ்கவிருந்தது ஆற்றோரத் தாழ்நிலக் காடு. அத்தகைய காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் மிக அரிதாகவே எஞ்சியுள்ளது. கறுப்பு வெள்ளை மலபார் இருவாச்சி கூடு கட்டுவதும், காடர் குடியிருப்புகள் இருப்பதும் அங்கேதான். மீன்பிடித்து வாழும் குடும்பங்களுக்கு, மேலே உள்ள பெரிங்கல்குத்து மின்நிலையம் மின்தேவைக்கேற்ப நீரைத் திறந்து அடைப்பதால் ஆறு நாள்தோறும் ஏறி இறங்குவது முன்பே பழகிய துன்பம். இந்த அனுபவ அறிவை ஆற்றாய்வாளர் லதா அனந்தா போன்றோர் மதித்துக் கேட்டு, நீரோட்டக் கணக்குகளோடு பொருத்திப் பொதுவெளியில் வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய நடுவண் அரசு அமைத்த, சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழுவும் 2011-இல் இத்திட்டத்துக்கு அனுமதி தரக்கூடாது என்றே பரிந்துரைத்தது.

கேள்வி: சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கிறதா? (சென்னை வாசகர்)

பதில்: 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் விளைபொருள் சேகரிக்கும் உரிமையோடு, அக்காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையையும் கிராம சபைக்கு அளிக்கிறது. இதன்படி 2014-இல் வாழச்சாலின் 9 காடர் ஊர்களுக்கு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. காட்டு நிலத்தை வேறு பணிக்கு மாற்றக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று நடுவண் அரசு 2009-இல் ஆணையிட்டிருந்தது. 2022-இல் வந்த விதிகளோ, அதை உறுதிசெய்யும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டு, நடுவண் அனுமதி முன்பே கிடைக்க வழி செய்துவிட்டன. இது எனக்குப் பெருங்கவலை தருகிறது. உரிமை இல்லாத அறிவை அதிகாரிகள் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள், முடிவை வேறிடத்தில் எடுப்பார்கள்.

கேள்வி: நான் உடுமலைப் பக்கத்து விவசாயி. இதில் எங்களுக்கு என்ன தொடர்பு?

பதில்: நேரடியான தொடர்பு. பறம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் உங்கள் வாய்க்காலுக்கு வரும் நீரில் பெரும்பங்கு சாலக்குடி ஆற்றின் மேற்படுகையிலிருந்து திருப்பப்படுவது. அங்கே சோலை நிலைத்தால்தான் மழைக்காலத்து நீரை மண் உறிஞ்சிவைத்துக் கோடையிலும் ஓடைகளில் கசியவிடும். வால்பாறை, டாப்சிலிப் பகுதிகளில் வாழும் காடர்களின் வன உரிமைக் கோரிக்கைகள் எழும்போது, உங்கள் பாசன சங்கத்தின் பெயரால் ஓர் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.