தாத்தாவோட மெடலுக்கு பாலிஷ் போடலாமா?

கேள்வி: எங்க தாத்தா ஆர்மில பிரிகேடியரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவரோட யூனிஃபார்ம், மெடல் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கு. மழைக்காலத்துல திறந்தாலே பூஞ்சை வாடை, மெடலும் கறுத்துப்போச்சு. உடுப்பை டிரை க்ளீனிங் குடுத்து, மெடலுக்கு பாலிஷ் போட்டு மியூசியத்துக்குக் குடுத்துடலாம்னு வீட்ல சொல்றாங்க. செய்யலாமா?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: மியூசியத்துக்குக் குடுக்கறது நல்ல யோசனைம்மா, ஆனா பாலிஷ் மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம். நம்ம ஊரு மெடலோட விளிம்புல வாங்கினவர் நம்பர், ரேங்க், பேரு எல்லாம் பொடி எழுத்துல இருக்கும், லென்ஸ் வச்சுப் பாருங்க. எங்க சொந்தத்துல ஒருத்தர் 65 யுத்தத்துல வாங்கின மெடலை வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு புளி போட்டுத் தேச்சுத் தேச்சு இப்போ பேருல ரெண்டு எழுத்துதான் மிச்சம், அதைக் கையில வாங்கிப் பார்த்தப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. கறுப்பு இருந்துட்டுப் போகட்டும். வெறும் கையால தொடாதீங்க, வியர்வை உப்பு பட்டா இன்னும் கறுக்கும்.

ரிப்பன் நைஞ்சிருந்தாலும் புதுசு மாத்தாதீங்க. உங்க குன்னூர்லயே கடைசிவரைக்கும் வாழ்ந்தாரே ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா, 1942-ல பர்மாவுல சிட்டாங் ஆத்துப் பாலத்துக்கிட்ட வயித்துல குண்டு பாஞ்சு கிடந்தப்போ, பிழைக்கமாட்டார்னு நினைச்சு மேலதிகாரி ஜெனரல் கோவன் தன் சட்டைல இருந்த மிலிட்டரி கிராஸ்ங்கற வீரப் பதக்கத்தோட ரிப்பனையே கழட்டி அவருக்குக் குத்திவிட்டார். ஒரு துண்டு ரிப்பனுக்கு அவ்வளவு கனம் இருக்கு.

இப்போ உடுப்பு. காட்டன் உடுப்புல பழைய கஞ்சி இருந்தா ராமபாணப் பூச்சி அதைத் தேடி வரும், கம்பளி கோட்டுக்கு அந்துப்பூச்சி. தண்ணில நனைக்காதீங்க, காலர்ல இருக்கற சிவப்புப் பட்டி சாயம் விட்டுச்சுன்னா பச்சைல ஏறிடும், அப்புறம் ஒண்ணும் பண்ணமுடியாது. வெயில்லயும் போடாதீங்க, வெளுத்துடும். மழை இல்லாத நாளா பார்த்து நிழல்ல காத்தாட விரிச்சு, மூக்கு வாயை மாஸ்க்கால மூடிக்கிட்டு மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால பூஞ்சையைத் தட்டிவிடுங்க. கம்பளில பூச்சி இருந்தா மெடல், பட்டன் பேட்ஜ் கழட்டமுடிஞ்சதைக் கழட்டிட்டு பாலிதீன் கவர்ல காத்துப் புகாம கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, வெளிய எடுத்ததும் உடனே பிரிக்காம ஒருநாள் விட்டுப் பிரிங்க, இல்லன்னா துணில ஈரம் கோத்துக்கும். பாச்சா உருண்டை துணி மேல படவே கூடாது. கஞ்சி போடாத, துவைச்ச மல் துணியைச் சுருட்டி கை, தோள், மடிப்புக்குள்ள வச்சு படுக்கவச்சாப்ல வைங்க, ஹேங்கர்ல மாட்டினா சொந்த எடையே தோள்பட்டையைக் கிழிச்சுடும். மியூசியங்கள்லகூட இதுமாதிரி துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) அளவுக்குத்தான் மங்கலா வெளிச்சம் விடுவாங்க.

டிரை க்ளீனிங்கும் வேண்டாம். அந்தக் கறை, முழங்கைத் தேய்மானம் எல்லாம் அவர் உழைச்ச உழைப்பு.

தாத்தா எந்த ரெஜிமென்ட்டோ (படைப்பிரிவு) அதோட சென்டருக்கு, அதாவது தலைமைப் பயிற்சி மையத்துக்கு, முதல்ல லெட்டர் எழுதுங்க, மெட்ராஸ் ரெஜிமென்ட்னா சென்டர் உங்க வெலிங்டன்லயே இருக்கு. தானமா, திருப்பி வாங்கறமாதிரியான்னு எழுத்துல பேசிக்கோங்க. அதுக்கு முன்னாடி பாட்டியை உக்காரவச்சு எந்த மெடல் எந்த வருஷம், எந்த ஊர்ல இருந்தப்போன்னு ஒரு நோட்டுல எழுதி வாங்குங்க. சட்டைப் பாக்கெட்டையும் துழாவிப் பாருங்க, பஸ் டிக்கெட் கிடைச்சாக்கூட தூக்கிப் போடாதீங்க, எந்தப் பாக்கெட்ல கிடைச்சுதுன்னு அதே நோட்டுல குறிச்சு வைங்க.