நாஜிம் ஹிக்மத்: மேடைக்கு எந்த நாடகம்?

கல்லூரி விழாவுக்குத் துருக்கிக் கவிஞர் நாஜிம் ஹிக்மத்தின் நாடகம் தேடுகிறேன், கிடைப்பதெல்லாம் சிறைக் கவிதைகள்தான் என்று எழுதியிருந்தீர்கள். 'ஃபர்ஹாத் - ஷிரின்' எடுங்கள். 1938இல் மொத்தம் 28 ஆண்டு தண்டனை பெற்றவர், பூர்சா சிறையில் இருந்தபடி எழுதிய நாடகம் அது.

சாகக் கிடக்கும் தங்கை ஷிரினைக் காப்பாற்ற அரசி மெஹ்மெனே பானு தன் முக அழகையே கொடுத்துவிடுகிறாள். பிறகு அக்கா, தங்கை இருவருக்கும் ஃபர்ஹாத் மேல் காதல். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர மலையைக் குடையப் போகிறவன், கடைசியில் ஷிரினே தேடி வந்தும் வேலையைப் பாதியில் விட மறுக்கிறான். அந்தக் காட்சிக்கு உங்களிடம் இருப்பதிலேயே நல்ல நடிகரைப் போடுங்கள். நாடகமே அதில்தான் நிற்கிறது.

அறிமுக உரையில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: 1951இல் பறித்த குடியுரிமையைத் துருக்கி 2009இல்தான் திருப்பித் தந்தது. அவர் 1963லேயே மாஸ்கோவில் இறந்துவிட்டார்.